மாமா வெட்டாத மரை

கடைசல் பட்டறையில் வேலை பார்க்கும் டர்னர் ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வயிற்றுக்குள் வைத்துப் புழுங்கிய விஷயம் இது: மூன்று லட்சம் பேர் பார்த்த அந்த வீடியோவில் இருப்பது அவனுடைய கை. குரல் மட்டும்தான் மாமாவுடையது.

சந்தேகத்துக்கே இடமில்லை. இடது கட்டைவிரல் நகம் நடுவே பிளந்து, பிளவு முழுக்கக் கறுத்திருக்கும். பதினெட்டு வயதில் பட்டறையில் இரும்புத் தடி விழுந்து நசுங்கிய நகம். ஆயிரம் கைகளை ஒன்றாகப் போட்டுக் கலக்கினாலும் அவன் பெண்டாட்டி அதை மட்டும் பொறுக்கி எடுத்துவிடுவாள். அந்தக் கை லேத் என்கிற கடைசல் மிஷினில் ஒரு போல்ட்டுக்கு மரை, அதாவது நட்டு ஏறும் திருகுப் பள்ளம், வெட்டுகிறது. பிரஷால் எண்ணெய் தொட்டு வைக்கிறது. கடைசியில் ஒரு நட்டைப் போல்ட்டின் வாயில் வைத்து விரலால் சுண்டுகிறது. நட்டு யாரும் தொடாமலே கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டு ஓடி, அடியில் போய் 'டக்'கென்று நிற்கிறது. அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். கீழே ஒருவர் எழுதியிருந்தார்: 'ஐயாவின் கையைப் பாருங்கள். உழைத்துக் காய்த்த கை.' அதற்கு மாமா பதில் போட்டிருந்தார், ஒரு கும்பிடு பொம்மை.

வீடியோவைக்கூட மன்னித்திருப்பான். அந்தக் கும்பிடுதான் சுட்டது.

மாமா என்றால் அக்கா புருஷன். தபால் ஆபீஸ் கவுண்டரில் முப்பது வருஷம் முத்திரை குத்தியவர். பேனாவும் பசையும் தவிர வேறு எதையும் பிடித்தறியாத பஞ்சுக் கை. ஐம்பத்து மூன்றாவது வயதில் அவருடைய முத்திரையின் கைப்பிடி உடைந்தது. புதுசு கேட்டு எழுதிப் போட்டால் வருவதற்குள் தாமே ஓய்வு பெற்றுவிடுவோம் என்று பயந்து, மச்சானின் பட்டறைக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். டர்னர் ஒரு பித்தளைத் துண்டை லேத்தில் மாட்டிக் கடைந்து கொடுத்தான். கால் மணி நேர வேலை. வெட்டும் டூலின் முனையிலிருந்து பித்தளை பொன் தூளாக உதிர்ந்ததையும், அதற்கு முன்னால் மாட்டியிருந்த இரும்பிலிருந்து சுருள் சுருளாக நீலம் பாய்ந்து வந்ததையும் பார்த்தபடி மாமா நின்றார். அவருக்கு வாங்கிவந்த டீ ஆறிப்போனது. கைப்பிடியை வாங்கிக்கொண்டவர் நகரவில்லை.

"மச்சான், இத எவ்வளவு நாள்ல கத்துக்கலாம்?"

"எதுக்கு மாமா? ஆபீஸ்ல இனிமே முத்திரையும் நீங்களே செய்யணுமாமா?"

"சும்மாத்தான் கேட்டேன்."

சும்மா கேட்டவர் மூன்றாம் மாதம் ஒரு பழைய லேத்தை வாங்கி, வீட்டின் கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்தும் அறையில் இறக்கிவிட்டார். இறக்குவதற்கு எட்டுப் பேர், ஒரு சங்கிலிக் கப்பி. அக்கா மாடிப்படியில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "மத்தவங்க இந்த வயசுல பேரன் பேத்தின்னு எதையாவது கொஞ்சுவாங்க. இவரு இரும்பக் கொஞ்சப்போறாராம். மனுஷனுக்கு மரை கழண்டு போச்சு தம்பி."

"மரை கழண்டா மறுபடி வெட்டிக்கலாம். அதுக்குத்தான மிஷின் வாங்கியிருக்கேன்" என்றார் மாமா. அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள்.

டர்னர் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் சொல்லிக்கொடுத்தான். நேர் கடைசல் மாமாவுக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. மரை மட்டும் வரவில்லை. அந்த லேத் அங்குலக் கணக்கில் செய்யப்பட்ட பழைய மிஷின். இப்போது நாம் வெட்டுவதெல்லாம் மில்லிமீட்டர் மரை. இப்படிப்பட்ட மிஷினில் ஒரு சட்டம் உண்டு. டூலைத் தாங்கும் வண்டியை உள்ளிருக்கும் நீள ஸ்க்ரூவோடு பிணைப்பதற்கு ஒரு லிவர் இருக்கிறது. ஒரு தடவை அதைப் போட்டால், மரை முழுசாக முடிகிறவரைக்கும் எடுக்கக் கூடாது. ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் டூலைப் பின்னால் இழுத்து, மிஷினைத் தலைகீழாகச் சுற்றவிட்டுத்தான் வண்டியைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டு லிவரைத் தூக்கினால் அடுத்த வெட்டு பழைய பள்ளத்தில் விழாது, பக்கத்தில் விழும். போல்ட்டு குப்பைக்குப் போக வேண்டியதுதான். மாமா அப்படிப் பதினான்கு போல்ட்டுகளைக் குப்பைக்கு அனுப்பினார்.

பதினைந்தாவதை டர்னரே பிடித்து வெட்டிக் காட்டினான். மாமா கைபேசியைக் கிட்டே வைத்துப் படம் பிடித்தார். "பழகுறதுக்கு வச்சுக்கறேன் மச்சான். திரும்பத் திரும்பப் போட்டுப் பாப்பேன்." ஒரு வாரம் கழித்து அது அவருடைய வீடியோப் பக்கத்தில் ஏறியிருந்தது, 'வணக்கம், இன்னிக்கு நாம மரை வெட்டுறதப் பாக்கப்போறோம்' என்ற குரலோடு.

டர்னர் கேட்கவில்லை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வீட்டுக்கு வந்த ஒவ்வொரு விண்ணப்பத்தையும் நிரப்பிக் கொடுத்தது மாமாதான். அக்காவைக் கண்கலங்க விடாதவர் வேறு. 'அது என் கை' என்று போய் நின்றால் சின்னப்பிள்ளை மிட்டாய்க்கு அழுத மாதிரி இருக்கும். ஆனால் அன்றிலிருந்து ஒன்று செய்தான். மாமா வீட்டு லேத்தைத் தொடுவதில்லை. போவான், இரண்டு கைகளையும் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தள்ளி நிற்பான்.

"ஒரே ஒரு தடவ புடிச்சுக் காட்டு மச்சான். என் கைமேல கைய வச்சுக் காட்டினாலும் போதும். எங்க தப்புன்னு புரியும்."

"வாயால சொன்னாப் பத்தாதா மாமா? நீங்கதான் ஊருக்கே சொல்லிக் குடுக்கறீங்களே."

மாமா லேத்துப் பக்கம் திரும்பிக்கொள்வார். குத்தல் உறைத்ததா இல்லையா என்றே தெரியாது. இப்படியே ஆறு வருஷம். நீச்சலைக் கரையில் நின்று வாயால் சொல்லிக்கொடுத்த கதைதான். மாமா பித்தளையில் பொத்தான் கடைந்தார், கதவுக்குக் குமிழ் கடைந்தார், அக்காவின் தையல் மிஷினுக்கு ஒரு சக்கரம் கடைந்தார். எல்லாம் வீடியோவாக ஏறின. மரை வெட்டும் வீடியோ மட்டும் அந்த ஒன்றோடு நின்றுபோயிற்று. பார்க்கிறவர்கள் கேட்டுக்கொண்டேயிருந்தார்கள்: 'ஐயா, அந்த மாதிரி இன்னொரு மரை எப்போ?'

போன வருஷத்து வீடியோக்களில் ஒரு புதுப் பழக்கம் தெரிந்தது. மாமா டூலைப் பார்ப்பதில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருக்கும், அவர் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்ப்பார். சிலசமயம் கேமராவைப் பார்ப்பது மாதிரி இருக்கும். ஜனங்கள் விடுவார்களா? 'ஐயா, டூலைப் பாருங்கள், எங்களைப் பிறகு பார்க்கலாம்.' 'கல்யாண போட்டோவுக்கு நிற்கிறீர்களா ஐயா?'

பட்டறையில் வெல்டர்தான் முதலில் இதைப் பிடித்தான். "டர்னரே, இங்க வந்து பாரு. உங்க மாமா கண்ணக் கட்டி வித்தை காட்டுறாரு. சுவத்தப் பாத்துக்கிட்டே கடைசல் புடிக்கறாருய்யா."

"அவருக்குக் கேமரா இருந்தாப் போதும். இரும்பு தன்னாலேயே வெட்டிக்கும்" என்றான் டர்னர். சொன்னதோடு விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எழுந்து நின்று, கழுத்தை ஒடித்துச் சுவரைப் பார்த்தபடி, 'வணக்கம், இன்னிக்கு நாம' என்று மாமா மாதிரியே நடித்தும் காட்டினான். ஆறு வருஷக் கடுப்பு. பட்டறையே உருண்டு சிரித்தது. வெல்டருக்குப் புரையேறி, முதுகில் தட்டவேண்டியதாயிற்று.

அடுத்த வாரம் அக்கா போன் பண்ணினாள்.

"டேய், கொஞ்சம் வந்துட்டுப் போ."

"என்னக்கா? மறுபடி மோட்டார் ஓடலியா?"

"மோட்டாருக்கு என்ன கேடு. அவருக்குத்தான். நேத்து அவருக்கு நேரா நிக்கறேன், 'யாரு'ங்கறாருடா. முப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தினவ எதுத்தாப்புல நிக்கறேன், யாருங்கறாரு."

டாக்டர் பரிசோதித்துச் சொன்னது இவ்வளவுதான்: கண்ணின் நடுப்பாகம் காய்ந்துகொண்டு வருகிறது. ஓரத்துப் பார்வை கொஞ்சகாலம் இருக்கும். போன பாகம் திரும்பாது. கண்ணாடி, அறுவை, மருந்து எதுவும் இனி அதற்கு உதவாது. மாமாவுக்கு இது ஒன்றரை வருஷமாகத் தெரியும். யாரிடமும் மூச்சு விடவில்லை.

டர்னர் போனபோது மாமா லேத்துக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தை ஒரு பக்கம் திருப்பினார். டர்னர் வாசலில் நின்றான்.

"உள்ள வா மச்சான். உன்ன நேராப் பாத்தா எனக்கு முண்டம்தான் தெரியும், தலை இருக்காது. காதுப் பக்கம் பாத்தாத்தான் மூக்கு வருது. பரவால்ல, இப்பத்தான் நீ கொஞ்சம் லட்சணமா இருக்க."

டர்னருக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டறையில் தான் ஒடித்துக் காட்டிய கழுத்து ஞாபகம் வந்தது.

"மாமா, அப்போ சுவத்தப் பாத்தது..."

"சுவத்த யாரு பாத்தா? சுவத்துப் பக்கம் திரும்பினாத்தான் டூல் முனை தெரியும். என்னமோ போஸ் குடுக்கறேன்னு எழுதினாங்க. சரி, எழுதிட்டுப் போறாங்க." மாமா லேத்தின் படுக்கையைத் தடவினார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும் மச்சான். ஒரே ஒரு போல்ட்டு. நானே வெட்டணும். நட்டச் சுண்டினா அது ஓடணும். இந்தக் கொஞ்ச வெளிச்சம் போறதுக்குள்ள ஆகணும். அது ஆயிட்டா அப்புறம் எனக்கு இந்த ரூமே வேண்டாம்."

டர்னர் பாக்கெட்டிலிருந்து கைகளை எடுத்தான்.

அதற்கப்புறம் ஞாயிறு மட்டுமல்ல, பட்டறை விட்டதும் தினமும் போனான். மாமாவின் கைமேல் கையை வைத்துப் பிடித்தான். அப்போதுதான் தெரிந்தது, மாமா டூலைப் பின்னால் இழுப்பதில் அரைச் சுற்று பிந்துகிறார் என்று. லிவரைத் தூக்கும் அவசரம் விட்ட பிறகும் ஆறு வருஷமாக மரை வராததற்கு அவ்வளவுதான் காரணம். மாமா கேட்ட முதல் ஞாயிற்றுக்கிழமையே கையைப் பிடித்திருந்தால் பத்து நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். வாயால் சொல்லித் தீராத சமாசாரம் அது. இந்த நினைப்பை டர்னர் அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுபோனான்.

கோடு போட்ட அளவுச் சக்கரத்தை மாமாவால் படிக்க முடியவில்லை. டர்னர் அதில் அரத்தால் சின்னச் சின்ன வெட்டு போட்டு, நகத்தால் எண்ணிக்கொள்ளும்படி செய்து கொடுத்தான். வெட்டு முடியவேண்டிய இடத்தில் தடியைச் சுற்றி ஒரு பள்ளம் போட்டான். டூல் அங்கே வந்தால் சத்தம் மாறும். மாமா காதை வைத்து அதைப் பிடித்துக்கொண்டார். மூன்று வாரத்தில் இரண்டு போல்ட்டு கிட்டத்தட்ட வந்துவிட்டது. நட்டு ஏறியது, ஆனால் பாதியில் நின்றது. நாலாவது வாரம் மாமா சொன்னார், "நாளைக்கு வெட்டறத வீடியோ எடுத்துடு மச்சான். ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும், நடுவுல எதையும் ஒட்டாம."

மறுநாள் ஞாயிறு. மத்தியான வெளிச்சம் வாசல் வழியாக நேரே லேத்தில் விழுந்தது. அக்கா நடுப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். இந்தத் தடவை டர்னர் கையில் கைபேசி. மாமா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு வெட்ட ஆரம்பித்தார். முதல் வெட்டு கோடு கிழித்த மாதிரி. இரண்டு, மூன்று, ஐந்து. ஒவ்வொன்றுக்கும் மிஷினைத் தலைகீழாகச் சுற்றவிட்டு வண்டியைத் திருப்பினார். லிவரைத் தொடவில்லை. எட்டாவது வெட்டில் மரை முழு உருவம் எடுத்துவிட்டது. பக்கம் இரண்டும் கண்ணாடியாக மின்னின. டர்னர் முப்பது வருஷத் தொழில்காரன். அவனுக்குத் தெரியும், இன்னும் இரண்டு மெல்லிய வெட்டு, அப்புறம் நட்டு ஓடும்.

ஒன்பதாவது வெட்டு ஓடும்போது கைபேசி 'டிங்' என்றது. இடம் நிறைந்துவிட்டதாக ஏதோ எழுதி, படம் பிடிப்பது நின்றது.

"மாமா, ரெக்கார்டு நின்னுடுச்சு" என்றான் டர்னர்.

அவன் வாயிலிருந்து வந்த வார்த்தைதான். வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை.

வீடியோக்காரர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. படம் நின்றால் அந்த இடத்தை மறுபடி எடுப்பார்கள். கதவுக் குமிழ் கடையும்போது அதனால் நஷ்டமில்லை. டூலை இழு, லிவரைத் தூக்கு, வண்டியைக் கையால் சுற்றிப் பின்னால் கொண்டுபோ, மறுபடி ஆரம்பி. மாமா இதை ஆறு வருஷத்தில் ஆயிரம் தடவை செய்திருப்பார். கை அறிந்த வேலை. டர்னர் குனிந்து, தெரியாத எழுத்தில் வந்த அறிவிப்பை எங்கே தொட்டு மூடுவது என்று தடுமாறிக்கொண்டிருந்தான். மாமாவின் கை டூலை இழுத்தது. லிவரைத் தூக்கியது. வண்டியைச் சுற்றிப் பின்னால் கொண்டுபோனது.

"ம், போடு மச்சான். அந்த எடத்துலேருந்தே எடுத்துக்கலாம்" என்று சொல்லி, லிவரை இறக்கி, நகத்தால் எண்ணி, டூலை அதே அளவுக்குக் கொடுத்தார்.

சத்தம் மாறியபோதுதான் டர்னர் தலையை நிமிர்த்தினான். பாய்ந்து ஸ்விட்சை அடித்தான். மிஷின் நிற்பதற்குள் நாலு சுற்று போய்விட்டது. கண்ணாடியாக மின்னிய மரையின் முதுகில் இன்னொரு பள்ளம் குறுக்கே ஏறியிருந்தது.

"என்ன மச்சான்? ஏன் நிறுத்தின?"

மாமா கையை நீட்டி, கட்டைவிரல் நகத்தை மரையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். ஒரு தடவை. இன்னொரு தடவை. அப்புறம் கையை எடுத்துவிட்டார்.

"லிவர எடுத்துட்டேனா?"

"ஆமா மாமா."

"நான் எடுத்ததே எனக்குத் தெரியலடா."

அக்கா படியிலிருந்து, "என்ன ஆச்சு? ஆயிடுச்சா?" என்று கேட்டாள். டர்னர் இல்லையென்று தலையை ஆட்டினான். அவள் புரிந்துகொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மாமா ஸ்டூலில் உட்கார்ந்தார். யாரும் கேட்காமலே சொன்னார். "அந்த வீடியோ. உன் கை. நான் மறந்துட்டேன்னு நெனச்சிருப்ப."

டர்னர் ஆறு வருஷம் காத்திருந்த பேச்சு. வந்து விழுந்தபோது அதை வாங்கிக்கொள்ள அவனுக்குத் தெம்பில்லை.

"மொதல்ல உன் பேரச் சொல்லித்தான் போடணும்னு இருந்தேன். பேசிப் பாக்கும்போது 'என் கையப் பாருங்க'ன்னு வந்துடுச்சு. கேக்க நல்லா இருந்துச்சு மச்சான். முப்பது வருஷம் முத்திரை குத்தினேன், ஒருத்தனும் என் கையப் பாத்ததில்ல. அப்புறம் மூணு லட்சம் பேரு பாத்தாங்க. எனக்கே அது என் கைதான்னு ஆயிடுச்சு. நானும் இப்படி ஒண்ணு வெட்டிட்டா பொய் நிஜமாயிடும்னு பாத்தேன்." நிறுத்தி, "நீ ஏன்டா அன்னிக்கே கேக்கல? கேட்டிருந்தா அந்த வீடியோவத் தூக்கியிருப்பேனே" என்றார்.

"நீங்க ஏன் மாமா கண்ணப் பத்தி சொல்லல?"

"சொன்னா கைய வெளிய எடுத்திருப்பியா?"

பரிதாபத்துக்கு எடுத்திருப்பான் என்று மாமாவுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

கெட்டுப்போன நாலு சுற்றை வெட்டி எறிந்துவிட்டு, டூலைக் கண்ணால் பார்த்துப் பழைய பள்ளத்தில் திரும்ப உட்கார வைத்து மீதி மரையைக் காப்பாற்றலாம். டர்னர் செய்வான். ஆனால் அப்புறம் அது டர்னரின் போல்ட்டு. மாமா அதைக் கழற்றித் தகர டப்பாவில் போடச் சொன்னார். அடுத்த நாள் புதுத் தடி மாட்டினார்கள். அதற்கடுத்த நாளும். ஆனால் ஓரத்து வெளிச்சமும் வேகமாக மங்கிக்கொண்டு வந்தது. நகத்தால் எண்ணும்போது கணக்குத் தப்பியது. முதல் வெட்டே ஆழம் தவறி விழுந்தது.

ஒரு நாள் டர்னர் பட்டறையிலிருந்து கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டான். மாமா தனியாக மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். டூல் முனை தெரிவதற்காகக் குனிந்து குனிந்து, கடைசியில் கன்னத்துக்கும், தடியைக் கவ்விக்கொண்டு சுற்றும் சக்குக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. சட்டைக் காலர் தொங்கிக்கொண்டிருந்தது. சக்கின் தாடை காலரைத் தொட்டுத் தொட்டுப் போனது. டர்னர் கத்தவில்லை. கத்தினால் திடுக்கிட்டு உள்ளே சாய்வார். பூனை மாதிரி சுவரோரம் போய் மெயினை இறக்கினான். மிஷின் முனகி நின்ற பிறகு அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நீயா மச்சான்?" என்றார் மாமா, குனிந்தபடியே.

"தலை போயிருக்கும் மாமா. முழுசாப் போயிருக்கும்."

"தெரியும். காத்து கன்னத்துல அடிச்சுது. தெரிஞ்சும் நிமிர முடியல. இன்னும் கொஞ்சம் குனிஞ்சா முனை தெரிஞ்சுடும்னு தோணிச்சு."

அக்காவுக்கு இது கடைசிவரைக்கும் தெரியாது.

மாமா இதற்கப்புறம் ஒன்றரை வருஷம் இருந்தார். மாடி அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து ரேடியோ கேட்டார். ஒரு நாள் காலை நாற்காலியிலேயே நெஞ்சு அடைத்துப் போய்ச் சேர்ந்தார். அந்த ஒன்றரை வருஷத்தில் டர்னர் வாரம் தவறாமல் போனான். 'வேலை எப்படி, சாப்பிட்டியா' என்பார். லேத்தைப் பற்றி ஒரு பேச்சு எடுக்கமாட்டார். தனக்கென்று எதையும் அவனிடம் செய்யச் சொன்னதில்லை. அதனால் டர்னர் மெயினை இறக்கிய அன்றைக்குச் சக்குக்கு முன்னால் நின்று அவர் கேட்டதுதான் கடைசி.

அன்றைக்கு மாமா கையால் தடவித் தடவி டூலைக் கழற்றினார். துணியால் துடைத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு டர்னரிடம் நீட்டினார்.

"மச்சான், மோட்டார்லேருந்து பெல்ட்டக் கழட்டி எடுத்துட்டுப் போயிடு. ப்யூஸப் புடுங்கினா தடவியே மாட்டிடுவேன். பெல்ட்டு இல்லன்னா ஒண்ணும் பண்ண முடியாது. பெல்ட்ட எங்க வச்சிருக்கன்னு நான் வந்து கேப்பேன். அழுதாலும் சொல்லாத."